தம்பியின் ஸ்போர்ட் ஸ்பிரிங்

நம் ஊரில் ‘லோவரிங் ஸ்பிரிங்’ என்று சொல்பவர்கள் குறைவு. பட்டறையில் கேட்டாலும் உதிரிப்பாகக் கடையில் கேட்டாலும் அதன் பெயர் ஸ்போர்ட் ஸ்பிரிங். காரோடு வந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அதைவிடக் குட்டையான, கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால் கார் தாழ்ந்து உட்காரும். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே தெரியும் இடைவெளி சுருங்கும். பார்க்க அழகு, வளைவில் திருப்பும்போது உறுதி என்று இளைஞர்கள் சொல்வார்கள்.

“டயருக்கும் பாடிக்கும் நடுவுல பூனை படுத்துத் தூங்கலாம்க்கா. அசிங்கமா இருக்கு” என்பது என் தம்பியின் பல மாதப் புலம்பல்.

அவனுக்கு வயது 25. போர்ட் கிள்ளானில் ஷிப்ட் வேலை. 2014ஆம் ஆண்டின் மைவி ஒன்றைப் பழையதாக வாங்கி, தவணை தவறாமல் கட்டி வருகிறான். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் கார். அதை அவன் விருப்பப்படி அலங்கரிப்பதில் யாருக்கு என்ன தடை என்று நீங்கள் கேட்கலாம்.

தடை இருந்தது. அந்தக் கார்தான் வாரம் மூன்று முறை அப்பாவை டயாலிசிஸ் மையத்துக்கு ஏற்றிச் செல்கிறது.

அப்பாவுக்கு வயது 63. கிள்ளானில் ஒரு லாரி பட்டறையில் 31 ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்தவர். நீரிழிவு சிறுநீரகத்தைப் பாதித்த பிறகு, மூன்று ஆண்டுகளாக வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்கிறார். முடிந்து வெளியே வரும்போது இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், தலை லேசாகச் சுற்றும், கால்கள் வலுவிழந்திருக்கும். அந்த நிலையில் காருக்குள் உட்காருவதும், வீடு வந்ததும் எழுந்து இறங்குவதும்தான் அவருக்கு அன்றைய பெரிய வேலை. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்கு அதிகாலையிலேயே வானொலி நிலையத்தில் இருக்க வேண்டும். ஆகவே கார் தாழ்வது எங்கள் வீட்டில் அழகு பற்றிய கேள்வியாக மட்டும் இருக்க முடியவில்லை.

“அப்பாவால ஏற முடியலன்னா என்ன பண்ணுவே?” என்று அம்மா கேட்டார். தம்பி பதில் சொல்லவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதே அரிது. தம்பி போலிடெக்னிக் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து அப்படித்தான். “மணியாச்சுன்னு சொல்லு”, “மருந்து எடுத்தாச்சான்னு கேளு” என்று எல்லாம் அம்மா வழியாகப் போய் வரும். வானொலியில் சில விநாடிகள் சத்தமில்லாமல் போனாலே எங்களுக்கு வியர்த்துவிடும். வீட்டில் இரண்டு ஆண்டு மௌனத்தை நாங்கள் பழக்கமாகவே ஆக்கிக்கொண்டிருந்தோம்.

பலகைப் பரீட்சை

தம்பியின் நண்பர் ஒருவர் மலிவான வழி சொன்னார். இருக்கும் ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டி எடுத்துவிடலாம், 50 ரிங்கிட் போதும். ‘ஸ்பிரிங் போத்தோங்’ என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். கூடத்தில் உட்கார்ந்து தம்பி அதை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பினார்.

“வெட்டுனா அது ஸ்பிரிங் இல்ல. வெறும் கம்பி.”

தம்பியைப் பார்த்து அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை, எனக்குத் தெரிந்து பல வாரங்களில், அதுதான்.

பிறகு காரணங்களையும் சொன்னார். ஸ்பிரிங் எஃகு குறிப்பிட்ட சூட்டில் பதப்படுத்தப்பட்டது. நெருப்பு வைத்து வெட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். ஸ்பிரிங்கின் முனை அதன் இருக்கையில் உட்காருவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. வெட்டிய முனை சரியாக உட்காராது. சாலைப் பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கும்போது, நீளம் குறைந்த ஸ்பிரிங் இருக்கையை விட்டே நழுவலாம். “செய்யறதா இருந்தா இந்தக் காடிக்குன்னு செஞ்ச ஸ்பிரிங் வாங்கு. எத்தன மில்லி இறங்குதுன்னு பொட்டியில போட்டிருக்கும்.”

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, அப்பா போர்ச்சில் மைவியின் இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் காலடியில் ஒரு பலகை. பழைய அலமாரியிலிருந்து எடுத்தது. அளவு நாடாவை என்னிடம் நீட்டி, “எவ்வளவு?” என்றார். 30 மில்லிமீட்டர்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பலகைமேல் ஏறி நின்று, காருக்குள் உட்கார்ந்தார். எழுந்து மறுபடியும் பலகைமேல் நின்றார். அப்போதுதான் விளங்கியது. கார் 30 மில்லிமீட்டர் தாழ்ந்தால் இருக்கையும் அவ்வளவு தாழும். கார் தாழாமல் நிற்பவர் அவ்வளவு உயர்ந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஒரு ரிங்கிட் செலவில்லாமல் அவர் தாழ்ந்த காரில் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து முறை ஏறி இறங்கினார். பிறகு பலகைமேல் ஓர் அட்டைக் கட்டை வைத்து 45 மில்லிமீட்டராக்கி மறுபடியும் முயன்றார். மூன்றாவது முறை எழும்போது கதவை இறுகப் பிடித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த நாள் டயாலிசிஸ். முடிந்து வெளியே வந்தவர், காரின் பின்னால் வைத்திருந்த பலகையை எடுத்துப் போடச் சொன்னார் என்று தம்பி வந்து சொன்னான். தலை சுற்றும் நேரத்தில், நான்கு மணி நேரம் படுத்து எழுந்த கால்களோடு, பலகைமேல் நின்று ஒருமுறை ஏறினார். வீட்டில் அதே பலகையில் கால் வைத்து இறங்கினார்.

“முப்பது வாங்கு. நாப்பத்தஞ்சு வேணாம்” என்றார் தம்பியிடம். அம்மா வழியாக அல்ல, நேராக.

தாழ்ந்தால் என்ன ஆகும்?

தம்பி இதைப் படித்தே வைத்திருந்தான். காரின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதுதான் புவியீர்ப்பு மையம். வளைவில் திருப்பும்போது உட்பக்க டயர்களின் சுமை வெளிப்பக்க டயர்களுக்கு மாறுகிறது. மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக மாறும். சிறிய கார் ஒன்றின் மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 3 சென்டிமீட்டர் தாழ்த்துவதால் இந்தச் சுமை மாற்றம் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறையும். கூட்டரசு நெடுஞ்சாலையில் நேராகப் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஆக, அழகுதான் முதல் காரணம் என்பதைத் தம்பியும் ஒப்புக்கொண்டான்.

இழப்பும் உண்டு. ஸ்பிரிங் அமுங்குவதற்கான இடம் குறைகிறது. அந்தக் குறைவை ஈடுகட்ட, செய்பவர்கள் ஸ்பிரிங்கை விறைப்பாக்குகிறார்கள். சாலையின் சிறு மேடு பள்ளமும் உடம்புக்குத் தெரியும். பழைய அப்சோர்பரே இருந்தால், நீள ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்ட அது இனிக் குறுகிய தூரத்தில் வேலை செய்ய வேண்டும். ஏற்கெனவே தேய்ந்த அப்சோர்பர் சீக்கிரம் எண்ணெய் கசியத் தொடங்கலாம்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. வாகனங்களில் செய்யும் மாற்றங்கள் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே கவனிக்கும் விஷயம். அளவு மீறித் தாழ்த்தியவர்கள் சாலைச் சோதனையில் சிக்குவது நாம் அறிந்ததே. காரை விற்கும்போது உரிமை மாற்றத்துக்கான பரிசோதனையும் உண்டு. காப்புறுதி நிறுவனத்திடம் மாற்றத்தை முன்கூட்டியே சொல்லாவிட்டால், விபத்துக் கோரிக்கையின்போது சிக்கல் வரலாம். தம்பி ஸ்பிரிங் வாங்குமுன் காப்புறுதி முகவரிடம் எழுத்தில் தெரிவித்தான். அதைச் செய்யச் சொன்னதும் அப்பாதான்.

சனிக்கிழமை

ஸ்பிரிங் பெட்டி வந்தது. நான்கு ஸ்பிரிங்கும் சிவப்பு நிறம். விலை 480 ரிங்கிட். பட்டறையில் மாட்டக் கூலி தனி. “நாமளே மாட்டலாம்” என்றான் தம்பி. அம்மா அப்பாவைப் பார்த்தார்.

அப்பாவின் இடக்கையில் டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்து இரத்தக் குழாய்களை இணைத்த இடம். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது. லாரி டயரையே தனியாக உருட்டியவர் மூன்று ஆண்டுகளாக ஸ்பானர் தொட்டதில்லை.

“நான் நாற்காலியில உக்காந்து சொல்றேன். நீ செய். பாப்பா எடுத்துக் குடுக்கட்டும்” என்றார். பாப்பா என்பது நான். வயது 34.

வெள்ளிக்கிழமை இரவே துருப்பிடித்த போல்ட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் அடித்து வைத்தோம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். ஸ்பானர் பிடிக்கும் முன் நாடா பிடிக்கச் சொன்னார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து ஒரு தாளில் எழுதினேன். டயரின் காற்றோ ரிம்மின் அளவோ இந்தக் கணக்கைக் கெடுக்காது. ஸ்பிரிங் தாழ்த்தியது எவ்வளவு என்று மட்டும் தெரியும்.

பிறகு பாதுகாப்பு. சமமான சிமெண்டுத் தரை. சக்கரத்துக்கு முட்டு. கார் தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். ஜேக் தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு இரண்டு ஸ்டாண்டு. கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியிலேயே படுக்க வைக்க வேண்டும். “ஸ்டாண்டு சாஞ்சாலும் டயர் மேல உக்காரும். உன் மேல உக்காராது” என்றார்.

பின்பக்கம் சுலபம். மைவியின் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே உத்திரம் இணைக்கிறது. ஸ்பிரிங் தனி, அப்சோர்பர் தனி. இரண்டு பக்கமும் அப்சோர்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜேக் வைத்து உத்திரத்தை மெல்ல இறக்கினால், ஸ்பிரிங் இறுக்கம் தளர்ந்து கையோடு வந்துவிடுகிறது. பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பழையது வெளியே வந்து சிவப்பு உள்ளே போக ஒரு மணி நேரம்.

போல்ட்டை முறுக்கி இறுக்கப் போனான் தம்பி. “இப்ப வேணாம்” என்றார் அப்பா. அந்த போல்ட் ஒரு ரப்பர் புஷ்ஷின் நடுவே போகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதங்களில் கிழியும். ஆகவே கையால் மாட்டி வைத்துவிட்டு, காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முழுதாக இறுக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் விட்டுவிடும் காரியம் இது.

“லாரிக்கு நாங்க பிளேட்டு ஏத்துவோம். பாரம் ஏத்த ஒசரமா வேணும்னு கேப்பாங்க. நீங்க காசு குடுத்து இறக்குறீங்க” என்று சிரித்தார். தம்பியும் சிரித்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தவர், தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

முன்பக்கம்

முன்பக்கம் வேறு கதை. அங்கே ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒரே தூணாக இணைந்திருக்கும். இந்த அமைப்புக்கு மெக்பெர்சன் ஸ்டிரட் என்று பெயர். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்தது. 1950இல் பிரிட்டனில் வந்த ஃபோர்ட் கான்சல், ஸெஃபிர் கார்களில் இடம்பெற்றது. இடம் குறைவு, பாகங்கள் குறைவு என்பதால் இன்று நம் சாலையில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கம் இதுதான்.

ஸ்டிரட்டைக் காரிலிருந்து கழற்றுவது கடினமில்லை. பிரேக் குழாயையும் ஏபிஎஸ் ஒயரையும் விடுவித்து, கீழே இரண்டு பெரிய போல்ட்டுகள், கடைசியாக மேலே இருக்கும் நட்டுகள். ஆபத்து அதற்குப் பிறகு. தூணின் உச்சியில் நடுவே இருக்கும் ஒரு நட்டுதான் ஸ்பிரிங் முழுவதையும் அமுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கைக் கம்ப்ரெசர் போட்டு அமுக்காமல் அந்த நட்டைத் திறந்தால், மேல்மூடியோடு எல்லாம் முகத்தை நோக்கிப் பாயும்.

எவ்வளவு பலம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அமுக்க இரண்டரை கிலோ எடை தேவைப்படும் ஸ்பிரிங் ஒன்றை 15 சென்டிமீட்டர் அமுக்கினால், அது 375 கிலோ எடையைப்போலத் திருப்பித் தள்ளும். அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல், 25 கிலோ அரிசி மூட்டை இடுப்புக்கு மேல் உயரத்திலிருந்து விழும் ஆற்றலுக்குச் சமம். அமுக்கும் தூரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும்.

கம்ப்ரெசர் என்பது கொக்கிகள் பூட்டிய இரண்டு நீண்ட திருகுத் தண்டுகள். ஸ்பிரிங்கின் இரு பக்கமும் நேர் எதிரெதிராகப் பொருத்தி, மாற்றி மாற்றி முறுக்க வேண்டும்.

“இந்தப் பக்கம் ரெண்டு சுத்து. அந்தப் பக்கம் ரெண்டு சுத்து. இந்தப் பக்கம் ரெண்டு...” அப்பாவின் குரல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நாள்தோறும் குரலை வைத்துப் பிழைப்பவள் நான். இவ்வளவு நேரம் அப்பா பேசி நான் கேட்டதே இல்லை. கை செய்த வேலையை வாயால் சொல்ல நேர்ந்ததால், 31 ஆண்டுகள் அவருக்குள்ளேயே இருந்த தொழில் அன்று வார்த்தைகளாக வெளியே வந்தது.

முதல் ஸ்டிரட் ஒழுங்காக முடிந்தது. ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து கையால் சுற்ற வந்த பிறகே நடு நட்டைத் திறந்தான். அப்சோர்பரின் தண்டை அமுக்கிப் பார்க்கச் சொன்னார் அப்பா. சீராக இறங்கியது, எண்ணெய்க் கசிவு இல்லை. சிவப்பு ஸ்பிரிங்கின் முனை, இருக்கையில் இருக்கும் படிக்கட்டு போன்ற தடத்தில் முட்டி நிற்கும்படி வைத்து மூடினோம்.

இரண்டாவது ஸ்டிரட்டில் மணி இரண்டாகிவிட்டது. வெயில். தம்பியின் கை வேகம் கூடியது. ‘ணிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம். எனக்கும் கேட்டது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை, அப்பாவுக்குத் தெரிந்தது.

“நிறுத்து! கையை எடு. ரெண்டு பேரும் பின்னால வாங்க.”

அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. தம்பி ஸ்பானரை விட்டுவிட்டுப் பின்வாங்கினான். தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு கொக்கி லேசாக நகர்ந்து, இரண்டு தண்டுகளும் ஒரே பக்கமாக நெருங்கியிருந்தன. ஸ்பிரிங் ஒரு பக்கம் மட்டும் அமுங்கி, வாழைப்பழம்போல் வளைந்திருந்தது. இன்னும் சில சுற்றில் கொக்கி நழுவியிருக்கும்.

யாரும் சிறிது நேரம் பேசவில்லை. அப்பா தம்பியைத் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் எழுந்து வந்து, வலக்கையை அவன் தோளில் வைத்தார்.

“எனக்கும் இப்படி ஒருநாள் ஆச்சு. போய்த் தண்ணி குடிச்சிட்டு வா. பக்கத்துல நிக்காம, தள்ளி இருந்து நீட்டுக் கைப்பிடி போட்டு மெல்லத் தளர்த்து. ஸ்பிரிங்கோட நேருக்கு நேர் நிக்காதே. மறுபடியும் ஆரம்பத்துலேருந்து மாட்டுவோம்.”

அரை மணி நேரம் தாமதம். அவ்வளவுதான். கொக்கிகளை எதிரெதிராக மாட்டி, “இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு” என்று மறுபடியும் தொடங்கினார்கள். இந்த முறை தம்பியும் கூடச் சேர்ந்து எண்ணினான்.

பதினொரு பம்ப்

மாலை ஆறு மணிக்குக் கார் தரையில் நின்றது. பாரம் இறங்கிய நிலையில் பின்பக்க போல்ட்டுகளை இறுக்கினான். நாடாவை எடுத்தேன். முன்னால் 28, பின்னால் 26 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. “ஓடி ஓடி இன்னும் கொஞ்சம் உக்காரும்” என்றார் அப்பா. இரண்டு வாரம் கழித்து அளந்தபோது முன்பக்கம் 30 ஆகியிருந்தது.

மறுநாள் எலைன்மெண்ட். இதைத் தள்ளிப் போடக்கூடாது. கார் தாழ்ந்தால் சக்கரங்களின் கோணம் மாறும். டயரின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும், முன்சக்கரங்கள் பார்க்கும் திசையும் பிசகும். அப்படியே ஓட்டினால் வெளியிலிருந்து பார்க்கப் புதிதாகத் தெரியும் டயர், உள்விளிம்பில் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். முன்விளக்கின் உயரத்தையும் சுவருக்கு எதிரே நிறுத்திச் சரிபார்த்தான்.

எங்கள் தாமானிலிருந்து டயாலிசிஸ் மையம் வரை பதினொரு பம்ப். அதை எண்ணியது அம்மா. திங்கள்கிழமை அப்பாவோடு அம்மாவும் போனார். போகும்போது பிரச்சினையில்லை. நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பும்போதுதான் பரீட்சை. அப்பா பலகை இல்லாமல், கதவைப் பிடிக்காமல் உட்கார்ந்தார். தம்பி ஒவ்வொரு பம்ப்பிலும் ஏறக்குறைய நடக்கும் வேகத்துக்கு வந்து, கொஞ்சம் சாய்வாக ஏற்றினான். ஏழாவது பம்ப் உயரமானது. காரின் அடி தட்டவில்லை.

“வண்டி கொஞ்சம் விறைப்புதான். ஆனா அவன் ஓட்டுறது மெதுவாயிருச்சு” என்று அம்மா சொன்னார். கார் தாழ்ந்ததால் வேகம் கூடும் என்று பயந்தவர் அவர். தாழ்ந்த காருக்கு ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் மதிக்க வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல ஆசை. வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டால், பின்பக்கத்தைக் கருவியும் பொறுமையும் உள்ளவர் செய்யலாம். முன் ஸ்டிரட்டைப் பிரிப்பது, பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருந்தால் மட்டும். இல்லையென்றால் ஸ்டிரட்டைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். சுவரில் பொருத்திய பெரிய கம்ப்ரெசர் அங்கே இருக்கும். கூலி கொடுத்து ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக்கொண்டு, மற்றதை நீங்களே மாட்டலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எத்தனை மில்லிமீட்டர் என்று முடிவெடுக்கும் முன், அந்தக் காரில் யார் யார் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். முழங்கால் வலியுள்ள பாட்டி, நிறைமாத மனைவி, டயாலிசிஸ் போகும் அப்பா. தவணை உங்களுடையதுதான். உயரம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். ஒரு பலகையைப் போட்டு அவர்களை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

பழைய ஸ்பிரிங்குகளைத் தம்பி இரும்புக்கடையில் போட நினைத்தான். அப்பா விடவில்லை. காரை விற்கும்போது வேண்டும், அதற்கு முன்பே தன் கால் இன்னும் தளர்ந்தாலும் வேண்டும் என்றார். துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி, ‘முன் இடம்’, ‘முன் வலம்’, ‘பின்’ என்று எழுதி, சாமான் அறையில் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். கழற்றி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்டேன்.

“அரை நாள்க்கா. அப்பா சொல்லிக்குடுத்துட்டாருல்ல” என்றான்.